நகைப்பெட்டியில் கிடக்கும் பழுப்புக் கல் சின்ஹலைட்டா? பெயர் அறியவும் விலை மதிக்கவும் 26 குறிப்புகள்

திருவனந்தபுரத்தில் ஸ்ரீவராகம், கோட்டைப் பக்கத்துப் பழைய தமிழ்க் குடும்பங்களின் நகைப்பெட்டிகளில் மஞ்சளும் பழுப்பும் கலந்த ஒற்றைக்கல் மோதிரம் ஒன்று கிடப்பது அதிசயமில்லை. கேட்டால், தாத்தா கொழும்பில் வேலை பார்த்தபோது வாங்கியது என்பார்கள். அதைப் பார்ப்பவர்களில் ஒருவர் கோமேதகம் என்பார், இன்னொருவர் புஷ்பராகம் என்பார். சாலை பஜாரில் காட்டினால் "ஏதோ சிலோன் கல்" என்ற பதிலோடு முடிந்துவிடும். யாரும் சொல்லாத பெயர் ஒன்று உண்டு: சின்ஹலைட். போரான் கலந்த ரத்தினக் கற்களில் அரியது அது. உங்கள் வீட்டுக் கல் அதுதானா என்று பார்ப்பது எப்படி, அதுதான் என்றால் என்ன விலை எதிர்பார்க்கலாம், எப்படிப் பத்திரப்படுத்தலாம் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை

1. சின்ஹலைட்டில் மெக்னீசியம், அலுமினியம், போரான், ஆக்சிஜன் என நான்கு தனிமங்கள் உண்டு. வெளிர் மஞ்சள், தேன் நிறம், பச்சை கலந்த பழுப்பு, கரும்பழுப்பு என்று பல சாயல்களில் கிடைக்கும். நிறம் வருவது உள்ளே கலந்த சிறிதளவு இரும்பால். பத்தர்கள் பொடி வைத்து ஊதும் வெங்காரமும் போரான் சேர்மம்தான். ஆனால் வெங்காரம் தண்ணீரில் கரையும், சின்ஹலைட் கரையாது.

2. வீட்டில் பழைய பில், நகைக் குறிப்பேடு, சான்றிதழ் ஏதாவது இருந்தால் முதலில் அதில் உள்ள ஆண்டைப் பாருங்கள். சின்ஹலைட் என்ற பெயரே 1952-ல்தான் பிறந்தது. அதுவரை இலங்கையிலிருந்து வந்த இந்தக் கற்களைப் பழுப்புப் பெரிடாட் என்று விற்றார்கள். லண்டன் ரத்தினச் சோதனைக்கூடத்தில் ஆண்டர்சன், பெய்ன் ஆகியோருக்கு எண்கள் இடித்தன. பெரிடாட்டுக்கு இருக்க வேண்டியதைவிட இந்தக் கல் கனமாக இருந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கிளேரிங்புல்லும் ஹேயும் ஆராய்ந்து, இது தனிக் கனிமம் என்று அறிவித்தார்கள். ஆகவே 1952-க்கு முந்தைய தாளில் 'பழுப்புப் பெரிடாட்' என்று எழுதியிருந்தால், அந்தக் கல்லை அவசியம் மறுபடி சோதிக்க வேண்டும்.

3. இத்தனை காலம் நிபுணர்களே ஏமாந்ததற்குக் காரணம் இருக்கிறது. பெரிடாட்டில் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் அதே முறையில்தான் சின்ஹலைட்டிலும் அடுக்கப்பட்டிருக்கின்றன. பெரிடாட்டின் சிலிக்கான் இருக்கும் இடத்தில் இங்கே போரானும், மெக்னீசியத்தின் ஒரு பாதி இடத்தில் அலுமினியமும் உட்கார்ந்திருக்கின்றன. வீடு ஒன்று, குடியிருப்பவர் வேறு. எனவே கண்ணால் பார்த்து மட்டும் இரண்டையும் பிரிக்க யாராலும் முடியாது. பிரித்துவிட்டேன் என்று கடைக்காரர் சொன்னால், எந்தக் கருவியில் பார்த்தார் என்று கேளுங்கள்.

4. கல் எங்கிருந்து வந்தது என்பதைக் குடும்பப் பெரியவர்களிடம் விசாரித்து எழுதிவைத்துக்கொள்ளுங்கள். இரத்தினபுரி வட்டாரத்தில் 'இல்லம்' என்று சொல்லும் ரத்தினச் சரளை மண்ணிலிருந்து, நீரில் உருண்டு மழுங்கிய கூழாங்கற்களாக சின்ஹலைட் கிடைக்கிறது. மியான்மர், தான்சானியா, மடகாஸ்கர் நாடுகளிலும் உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்து மண் பேர்பெற்றது வேறொரு கல்லுக்கு: கிரிசோபெரில். பூனைக்கண்ணாக மின்னும் வைடூரியம் அந்த இனம்தான். அதில் இருப்பது பெரிலியம், போரான் இல்லை. ஆகவே 'நெடுமங்காட்டுப் பக்கம் கிடைத்தது' என்றால் கிரிசோபெரிலையும், 'கொழும்பிலிருந்து வந்தது' என்றால் இரண்டையும் மனத்தில் வைத்துப் பாருங்கள்.

5. நவரத்தினப் பட்டியலில் சின்ஹலைட் கிடையாது. அதனால் ராசிக்கல் கடையில் இந்தப் பெயரைக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். நிறம் ஒத்துப்போவதால் கோமேதகம் என்ற பெயரில் இது கைமாறியிருக்க வாய்ப்புண்டு. கடையில் தெரியாத கல் என்பதற்கும் மதிப்பில்லாத கல் என்பதற்கும் இடையில் நிறைய தூரம் இருக்கிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

6. சோதனைக்கு முன் கல்லைக் கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு துளி சோப்பு போதும். பூந்திக்கொட்டை நீரும் நல்லது. பழைய மிருதுவான டூத்பிரஷால் கல்லின் அடிப்பக்கத்தில் சேர்ந்த எண்ணெய்ப் பிசுக்கை எடுத்துவிட வேண்டும். அந்தக் காலத்து நகைகளில் கல்லின் பின்புறம் மூடியிருந்தால் ஊற வைக்காதீர்கள். உள்ளே பளபளப்புக்காக வைத்த தகட்டில் நீர் புகுந்தால் கல் இருண்டுவிடும். ஈரத்துணியால் மேலே துடைத்தால் போதும்.

7. நிறம் பார்க்கக் கடை விளக்கு உதவாது. மஞ்சள் விளக்கின் கீழே எந்தப் பழுப்புக் கல்லும் தேனாக ஜொலிக்கும். காலை 10 மணிக்கு மேல், நேர் வெயில் படாத ஜன்னலோரத்தில், வெள்ளைத் தாள்மேல் வைத்துப் பாருங்கள். மழைக்கால மேகமூட்டத்திலும் ஒருமுறை பார்க்கலாம். இரண்டிலும் உயிர்ப்பாகத் தெரியும் நிறமே கல்லின் உண்மையான நிறம்.

8. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் வைத்திருப்பது போன்றது. கல்லின் மேல் முகத்தின் வழியாக உள்ளே நோக்கி, அடிப்பக்கத்துப் பட்டைகளின் விளிம்புக் கோடுகளைக் கவனியுங்கள். சின்ஹலைட்டில் ஒவ்வொரு கோடும் இரண்டு கோடுகளாகத் தெரியும். கல்லைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சில திசைகளில் இந்த இரட்டிப்பு தெரியாது. பெரிடாட்டிலும் ஜிர்கானிலும்கூட இது உண்டு. புஷ்பராகம், கிரிசோபெரில் ஆகியவற்றில் மிக மெல்லியதாக இருப்பதால் எளிதில் கண்ணுக்குப் படாது. கோமேதகத்திலும் கண்ணாடியிலும் அறவே இராது.

9. அதே லென்ஸில் கல்லின் உட்புறத்தையும் பாருங்கள். முத்து முத்தாக உருண்டைக் காற்றுக்குமிழிகளும், பாகு சுழன்றது போன்ற வளைகோடுகளும் சேர்ந்து இருந்தால் பெரும்பாலும் கண்ணாடி. குமிழி இல்லாமல் கல் முழுக்கக் கலங்கலான நெளிவு மட்டும் தெரிந்தால் கோமேதகமாக இருக்கலாம். பட்டைகளின் விளிம்பு கூர்மை இழந்து உருண்டிருந்தால் அது மென்மையான பொருள், அல்லது அதிகம் புழங்கிய கல்.

10. லேப்டாப் திரையும் போலராய்டு கூலிங் கிளாஸும் இருந்தால் இன்னொரு சோதனை செய்யலாம். திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வெளிச்சத்தை முழுதாகக் கூட்டுங்கள். கண்ணாடியைத் திரைக்கு முன் பிடித்து மெல்லச் சுழற்றினால் ஒரு நிலையில் திரை கறுத்துவிடும். கறுக்கவில்லையென்றால் அது போலராய்டு கண்ணாடி இல்லை. கறுத்த நிலையிலேயே நிறுத்தி, திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே கல்லைப் பிடித்துச் சுழற்றுங்கள். ஒரு முழுச் சுற்றில் நான்கு முறை கல் ஒளிர்ந்து நான்கு முறை இருண்டால் இரட்டை ஒளிவிலகல் உள்ள கல். எப்படிச் சுழற்றியும் இருளாகவே இருந்தால் கோமேதகம் அல்லது கண்ணாடி. கல்லை மூன்று வெவ்வேறு பக்கமாகத் திருப்பிவைத்துப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

11. இப்போது கூலிங் கிளாஸை வைத்துவிட்டு, அந்த வெள்ளைத் திரைக்கு முன் கல்லை மட்டும் மெல்லச் சுழற்றுங்கள். சின்ஹலைட்டில் பச்சைச் சாயல், வெளிர் பழுப்பு, கரும்பழுப்பு என்று திசைக்கேற்ப நிறம் மாறும். மிக வெளிர் நிறக் கல்லில் மாற்றம் மங்கலாகத்தான் இருக்கும். அது தெரியவில்லை என்பதற்காகக் கல்லை ஒதுக்கிவிட வேண்டாம்.

12. வீட்டில் செய்யக்கூடியவற்றில் மிக உறுதியான சோதனை, தண்ணீரில் நிறுத்துப் பார்ப்பது. கல்லை மோதிரத்திலிருந்து கழற்றினால்தான் இது முடியும். கழற்றும் வேலையை நம்பிக்கையான பத்தரிடம் விடுங்கள். மில்லிகிராம் வரை காட்டும் சிறு தராசு வேண்டும். முதலில் கல்லை உலர்ந்த நிலையில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசுமேல் இலேசான பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, எண்ணை பூஜ்யமாக்குங்கள். மெல்லிய நைலான் நூலில் கல்லைக் கட்டி, அடியிலும் பக்கத்திலும் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் எடையால் உலர்ந்த எடையை வகுத்தால் கிடைப்பது ஒப்படர்த்தி. கல்லில் காற்றுக்குமிழி ஒட்டாமலிருக்க தண்ணீரில் ஒரு சொட்டு சோப்புத் திரவம் விடலாம்.

13. கணக்கு இப்படி வரும்: உலர்ந்த எடை 1.740 கிராம், தண்ணீரில் தொங்கும்போது தராசு காட்டுவது 0.500 கிராம் என்றால், ஒப்படர்த்தி 3.48. சின்ஹலைட்டுக்கு உரிய எண் அதுதான். பத்து மில்லிகிராம் மட்டுமே காட்டும் தராசு இங்கே போதாது. 0.50 என்று காட்டுவது 0.49 ஆக இருந்தால் விடை 3.55, 0.51 ஆக இருந்தால் 3.41. சோதனையை மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். ஒரு காரட்டுக்கும் குறைவான சிறு கற்களுக்கு வீட்டுத் தராசை நம்ப வேண்டாம்.

14. ஒப்பிட்டுப் பார்க்க இந்தப் பட்டியலைக் கத்தரித்துத் தராசுப் பெட்டியில் ஒட்டிவைக்கலாம். 
மஞ்சள் குவார்ட்ஸ் (சிட்ரின்): 2.65 
டூர்மலின்: சுமார் 3.06 
பெரிடாட்: சுமார் 3.34 
சின்ஹலைட்: சுமார் 3.48 
டோபாஸ்: சுமார் 3.53 
கோமேதகம்: சுமார் 3.65 
கிரிசோபெரில்: சுமார் 3.73 
ஜிர்கான்: பெரும்பாலும் 4-க்கு மேல் 
புஷ்பராகம் என்ற பெயரில் டோபாஸும் விற்கும், மஞ்சள் நீலக்கல்லும் விற்கும். மஞ்சள் நீலக்கல்லாக இருந்தால் எண் 4.00 வரும்.

15. எண் 3.48-க்கு அருகில் வந்ததும் துள்ள வேண்டாம். டோபாஸ் பக்கத்திலேயே இருக்கிறது. அதைக் கழிக்க எட்டாம் குறிப்புக்குப் போங்கள். பட்டைக் கோடுகள் தெளிவாக இரட்டித்துத் தெரிந்தால் டோபாஸ் இல்லை. இரட்டைக் கோடு, திசைக்கேற்ற நிறமாற்றம், 3.48 ஆகிய மூன்றும் ஒரே கல்லில் சேர்ந்தால் சின்ஹலைட்டாக இருக்க நல்ல வாய்ப்பு. இன்னும் சில அரிய பழுப்புக் கற்களும் இந்த எண்ணுக்கு அருகில் வரும் என்பதால் கடைசித் தீர்ப்பை ஆய்வகத்துக்கு விடுங்கள்.

16. செய்யவே கூடாத சோதனைகள் மூன்று. கண்ணாடியில் கீறிப் பார்ப்பது முதலாவது. கீறல் விழுந்தாலும் எந்தக் கல் என்று தெரியப்போவதில்லை, பட்டை விளிம்புதான் நொறுங்கும். நெருப்பில் காட்டுவது இரண்டாவது. போரான் சேர்மங்கள் சுடருக்குப் பச்சை நிறம் தருவது உண்மைதான். ஆனால் இந்தக் கல்லில் அதைப் பார்க்கக் கல்லைப் பொடியாக்கி அமிலம் சேர்க்க வேண்டும். அமிலத்தில் போடுவது மூன்றாவது. கல்லைச் சிதைக்காமல் பெயர் கண்டுபிடிக்கும் வழிகள் இத்தனை இருக்கும்போது இவை தேவையில்லை.

ஆய்வகத்தில் கேட்க வேண்டியவை

17. ஆய்வகத்தில் முதலில் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒளிவிலகல் எண் பார்ப்பார்கள். பெரிடாட்டுக்குச் சுமார் 1.654 முதல் 1.690 வரை. சின்ஹலைட்டுக்குச் சுமார் 1.668 முதல் 1.707 வரை. இரண்டு கற்களுக்குமே மூன்று எண்கள் உண்டு. நடு எண் பெரிடாட்டில் ஏறக்குறைய மத்தியில் நிற்கும். சின்ஹலைட்டில் அது 1.698-க்கு ஏறி மேல் எண்ணை ஒட்டி நிற்கும். அறிக்கையில் இந்த எண்களையும் எழுதித்தரச் சொல்லுங்கள். வேறொரு நிபுணர் பிற்பாடு பார்த்தாலும் அந்த எண்கள் பேசும்.

18. அடுத்தது நிறமாலை. கல்லின் வழியே வரும் வெளிச்சத்தைக் கைநிறமாலைமானியில் பார்த்தால் நீலப் பகுதியில் இருண்ட கோடுகள் தெரியும். பெரிடாட்டில் அவை மூன்று: 493, 473, 453 நானோமீட்டர் அருகில். சின்ஹலைட்டில் 463 அருகே நான்காவதாக ஒரு கோடு கூடுதலாக நிற்கும். இதைத் தவிர ராமன் நிறமாலைக் கருவி வைத்திருக்கும் ஆய்வகங்கள் கல்லைத் தொடாமலேயே சில நிமிடங்களில் பெயர் சொல்லிவிடும். நகையிலிருந்து கழற்ற விரும்பாதவர்களுக்கு அதுவே சிறந்த வழி.

19. ஜெய்ப்பூரின் ரத்தினச் சோதனைக்கூடம் 1972-லிருந்து இயங்குகிறது. மும்பையிலும் சோதனைக்கூடங்கள் உண்டு. நம் ஆக்குளத்தில் உள்ள தேசிய புவி அறிவியல் ஆய்வு மையம் ஆராய்ச்சிக்கானது. மோதிரக் கல்லுக்குச் சான்றிதழ் வாங்கும் இடம் அதுவல்ல. வெளியூருக்கு அனுப்பும் முன் கல்லின் எடையை இரண்டு தசமம் வரையும், நீளம், அகலம், உயரத்தை மில்லிமீட்டரிலும் குறித்துக்கொள்ளுங்கள். மேலிருந்தும் பக்கவாட்டிலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் புள்ளி, இறகு போன்ற அடையாளங்களையும் வரைந்துவையுங்கள். போனது எதுவோ அதுவே திரும்பி வந்ததா என்று பார்க்க அவை வேண்டும். இன்ஷூர் செய்யாத பார்சலில் ஒருபோதும் அனுப்பாதீர்கள்.

விலை மதிப்பது

20. ஆய்வக அறிக்கை பெயரைத்தான் சொல்லும், விலையைச் சொல்லாது. விலை மதிப்பீடு தனி வேலை. பெயர் உறுதியாகும் முன் விலை பேசினால், பெயர் தெரிந்தவர் வைத்ததுதான் விலை. மதிப்பீடு செய்பவரே கல்லை வாங்கவும் தயாராக இருந்தால், இன்னொருவரிடமும் கேட்டுவிடுங்கள்.

21. எடையைக் காரட்டில் மட்டும் பேசுங்கள். ஒரு காரட் 200 மில்லிகிராம், 100 சென்ட். உலகம் முழுக்க அதே அளவு. ராசிக்கல் கடைகளில் சொல்லும் ரத்தி கடைக்குக் கடை மாறும். முன்பு சொன்ன 1.740 கிராம் கல் 8.70 காரட். பெரிய கல் என்பதே இந்த இனத்தில் வியப்பில்லை. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 100 காரட்டுக்கு மேற்பட்ட இலங்கைச் சின்ஹலைட் இருக்கிறது. எனவே எடையை மட்டும் காட்டி விலை கேட்டால் எடுபடாது. தெளிவும் நிறமும் சேர வேண்டும்.

22. விலை ஏறுவதற்கும் இறங்குவதற்கும் காரணங்கள் இவை. பொன் கலந்த மஞ்சள், பச்சைச் சாயல் கொண்ட தேன் நிறம் விரும்பப்படும். கறுத்துப்போன பழுப்புக்கு வரவேற்பு குறைவு. கண்ணுக்குத் தெரியும் பிசிறு, விரிசல் இருந்தால் விலை இறங்கும். கடைசியாகப் பட்டை: கல்லை எழுத்தின்மேல் வைத்தால் நடுவில் எழுத்து அப்படியே தெரிகிறதா? தெரிந்தால் வெளிச்சம் திரும்பி வராமல் ஒழுகிப்போகிறது என்று அர்த்தம். இலங்கையின் பழைய பட்டைகளில் எடை குறையக்கூடாதென்று அடிவயிற்றைப் பெரிதாக விட்டிருப்பார்கள். மறுபட்டை போட்டால் மினுக்கம் கூடும், எடை குறையும். ஆய்வக அறிக்கை கைக்கு வரும்வரை மறுபட்டைக்குக் கொடுக்காதீர்கள்.

23. அரிது என்றாலே கோடி என்று கனவு காண வேண்டாம். ஒரு கல்லின் விலைக்கு அருமையோடு ஆள் விருப்பமும் வேண்டும். சின்ஹலைட்டைத் தேடுபவர்கள் சேகரிப்பாளர்கள். அவர்கள் எண்ணிக்கை குறைவு. நல்ல நீலக்கல்லோடும் நிறம் மாறும் அலெக்சாண்ட்ரைட்டோடும் இது விலையில் போட்டி போடாது. பெய்னைட் கதை இதற்குப் பாடம். பர்மாவின் மோகோக்கில் 1950-களில் கிடைத்த அந்தக் கல்லையும் 1957-ல் கிளேரிங்புல், ஹே, பெய்ன் மூவரே விவரித்தார்கள். அந்தப் போரான் கல்லில் சிர்கோனியமும் இருப்பது பிற்பாடுதான் தெளிவானது. பல பத்தாண்டுகள் உலகத்திலேயே இரண்டு மூன்று கல்தான் இருந்தது, உலகின் மிக அரிய கல் என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது. 2000-க்குப் பிறகு மோகோக்கில் புது ஊற்றுகள் கண்டதும் ஆயிரக்கணக்கில் துண்டுகள் சந்தைக்கு வந்தன. இன்று இணையத்தில் மலிவாக 'பெய்னைட்' விற்றால், ஆய்வக அறிக்கை இல்லாமல் தொடாதீர்கள்.

24. இலங்கை மண்ணின் இன்னொரு போரான் கல் செரண்டிபைட். அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், பின்னாளில் கலை வரலாற்று அறிஞராகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி. யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த முத்து குமாரசுவாமியின் மகன். கண்டிக்கு அருகே கங்கப்பிட்டியாவில் 1902-ல் கண்டெடுத்த நீலச் சிறுமணிகளை, பிரையர் என்ற கனிமவியலாளரோடு சேர்ந்து 1903-ல் அவர் விவரித்தார். நகையில் பதிக்கும் தரத்தில் அது மிக மிக அபூர்வம். 'சிலோன் செரண்டிபைட்' என்று பழைய பெட்டியில் சீட்டு இருந்தால், நம்புவதற்கும் சிரிப்பதற்கும் முன் சோதனைக்கு அனுப்புங்கள். இலங்கைக்கே போய்ப் புதுக்கல் வாங்குபவர்கள் கொழும்பிலுள்ள தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையின் ஆய்வகத்தில் சோதித்து, பில்லோடு சுங்கத்தில் அறிவித்துக் கொண்டுவருவதே முறை. நம் பக்கத்துக் காடுகளில் கல் தேடி மண் தோண்டுவது வனச் சட்டப்படி குற்றம். அப்படித் தோண்டியதாகச் சொல்லி விற்கவரும் கல்லையும் வாங்காதீர்கள்.

பாதுகாப்பும் பராமரிப்பும்

25. மோதிரத்தைப் பெரிதாக்கவோ உடைந்த காலைப் பற்றவைக்கவோ கொடுக்கும்போது, கல்லைக் கழற்றிவிட்டே தீயில் காட்டச் சொல்லுங்கள். சூட்டில் உருகும் வெங்காரம் மாணிக்கம், நீலக்கல் போன்ற கெட்டியான கற்களின் முகத்தையே அரித்துவிடும். சின்ஹலைட்டின் கடினம் 6.5 முதல் 7 வரைதான். வீட்டுத் தூசியில் இருக்கும் மணல்துகள் 7. தூசியோடு கல்லை உலர்ந்த துணியால் தேய்ப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். கழுவிய பிறகு துடையுங்கள். அல்ட்ராசோனிக் தொட்டி, நீராவி இரண்டும் வேண்டாம். வைரம், நீலக்கல் பதித்த நகைகளோடு ஒரே பையில் போடாமல் தனித் துணிப்பையில் வையுங்கள். பாத்திரம் தேய்க்கும்போது மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். பிள்ளைகள் கனிமச் சேகரிப்பில் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு வெங்காரமோ, எழுத்தை மேலே தூக்கிக்காட்டும் யூலெக்சைட்டோ வைத்திருந்தால் அவற்றைக் கழுவவே கூடாது. வெங்காரப் படிகம் உலர்ந்த காற்றில் ஈரம் இழந்து வெள்ளைப் பொடியாகிவிடும் என்பதால் காற்றுப்புகாத டப்பாவில் போட்டு, சிறு குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

26. பழைய நகையை மாற்றும்போதுதான் பெரும்பாலான கற்கள் வீட்டை விட்டுப் போகின்றன. கடையில் நகையின் எடையிலிருந்து கல்லின் எடையைக் கழித்துவிட்டுத்தான் பணம் தருவார்கள். கழித்த கல் உங்களுடையது, அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டி பேரில் வாங்கிய கொழும்புக் கடைச் சீட்டு, ஆய்வக அறிக்கை, எடை, படம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுக் கல்லோடு வையுங்கள். சேகரிப்பாளரிடம் விற்கப் போனால் வரலாறு உள்ள கல்லுக்கே முதல் மரியாதை. வீட்டில் பழுப்புக் கல் இருந்தால், அதன் பெயரை உறுதி செய்யாமல் உருக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம்.